சி மொழியில் கோப்புக்களை எழுதலும் படித்தலும்

கணிப்பொறியின் நினைவகம் ஆற்றுமணலில் எழுதிய எழுத்தை ஒக்கும். நிரல் ஓய்ந்தவுடன் அதன்கண் வைத்தவை யாவும் மறைந்துபோம். நிலைத்து நிற்றற்குரியவற்றை வட்டின்கண் கோப்பாக எழுதிவைத்தல் வேண்டும். அங்ஙனம் எழுதுதற்கும், எழுதியதை மீட்டும் படித்தற்கும் சி என்னும் நிரல்மொழியில் அமைந்துள்ள முறைகளை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். இலக்கியம் பயில்வார்க்கு இஃது எற்றுக்கு என வினவுவார் சிறிது பொறுப்பாராக.

இம்மொழியை அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் 1970-ஆம் ஆண்டையடுத்து ஆக்கியவர் டெனிஸ் ரிட்சி என்னும் அறிஞர். அவரும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து இதற்கு எழுதிய நூல் 1978-இல் வெளிவந்தது. கோப்பைத் திறத்தற்கும் மூடுதற்கும் இம்மொழியினுள்ளே தனிச்சொல் யாதுமில்லை. அவையெல்லாம் உடன்வரும் நூலகத்தின் சார்புகளால் நிகழ்வன.

அவற்றுள் முதற்கண் வருவது எஃப்ஓப்பன். கோப்பின் பெயரையும், அதனைத் திறக்கும் வகையையும் இதற்கு அறிவித்தல் வேண்டும். திறக்க இயலாதாயின் இது ‘நல்’ என்னும் வெறுங்குறியைத் தரும். அதனை ஆராயாது மேற்செல்லுதல் தகாது. வகைகளுள் ‘ஆர்’ என்பது உள்ள கோப்பைப் படித்தற்குரியது. ‘ஏ’ என்பது பழையதன் இறுதியில் புதியதைச் சேர்ப்பது. ‘டபிள்யூ’ என்பதோ புதிதாக எழுதுதற்குரியது. அப்பெயரில் முன்னரே ஒரு கோப்பு இருப்பின், ஓரெழுத்தும் எழுதுமுன், திறந்த அளவிலேயே பழைய உள்ளீடு முழுதும் அழிந்துவிடும். இவ்விடர் நோக்கியே 2011-ஆம் ஆண்டுத் தரநிலையில் ‘எக்ஸ்’ என்னுங் குறி சேர்க்கப்பட்டது. ‘டபிள்யூ’வோடு இதனைக் கூட்டின், கோப்பு முன்னரே இருக்குமாயின் திறவாது மறுத்துவிடும்.

நிற்க. எஃப்புட்ஸ் முதலிய சார்புகளால் எழுதுவன உடனே கோப்பைச் சென்றடையா. பஃபர் என்னும் இடைத்தேக்கத்தில் முதலில் திரண்டு, அது நிரம்பியபின் அல்லது எஃப்குளோஸ் கொண்டு மூடும்போது இயங்குதளத்திடம் ஒப்புவிக்கப்படும். மூடுமுன் நிரல் முறிந்துவிடின், தேங்கி நின்ற பகுதி இழப்பாகும். வட்டில் இடமின்மையும் சிலபோது மூடுங்காலத்தேதான் வெளிப்படும். ஆதலின் எஃப்குளோஸ் தரும் விடையையும் நோக்குதல் கடன். பூச்சியமாயின் வெற்றி, அன்றாயின் பிழை.

படித்தற்கு எஃப்ஜெட்ஸ் வரிவரியாக உதவும். இறுதி எய்தினும் பிழை நேரினும் அது ‘நல்’ தரும். அவற்றுள் எது நேர்ந்தது என்பதை அதன்பின் எஃப்இஓஎஃப், எஃப்எர்ரர் என்பவற்றால் அறியலாம்.

இனித் தமிழ் பயில்வார் சிறப்பாக அறிதற்குரியது ஒன்றுண்டு. ‘தமிழ்’ என்னுஞ் சொல் இலக்கண நூலார் கணக்கில் மூன்றெழுத்து. யூனிக்கோடு முறையிலோ உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி எண்ணப்பெறுதலால் ஐந்து குறி. யூடிஎஃப்-8 முறைப்படி எழுதுங்கால் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஆகவே அச்சொல் பதினைந்து பைட்டு ஆகின்றது. எஃப்ஜெட்சி என்னுஞ் சார்பு ஒருமுறை படிப்பது ஒரே பைட்டு ஆதலின், தமிழ்க்குறியில் மூன்றிலொரு கூறே கைக்கு வரும். எஃப்ஜெட்ஸுக்கும் முடிவுக்குறியோடு பதினாறு இடம் அளித்தாலன்றி அச்சொல் முழுமையாகக் கிட்டாது. இடையே அறுபட்டு எழுத்துச் சிதையும்.

ஏட்டுச்சுவடியைப் பலநாள் முயன்று தட்டெழுதிய பாடம் முழுதும் ஒரு கோப்பிலேயே இருப்பதாகக் கொள்வோம். அதனைத் திருத்தும் நிரலில் ‘ஆர்’ வரவேண்டிய இடத்து ‘டபிள்யூ’ வந்துவிடின், செல் அரித்தற்கு ஆண்டுகள் வேண்டிய அழிவு இமைப்பொழுதில் முடியும். ஆகலின் திருத்திய பாடத்தை வேறொரு பெயரிற் புதிதாக எழுதி, பிழையின்றி மூடப்பெற்றதைத் தெளிந்து, மீட்டும் படித்து ஒப்புநோக்கிய பின்னரே பழையதனை நீக்குக. ஏடு பெயர்த்தெழுதினோர் மூல ஏட்டோடு ஒத்துப்பார்த்த வழக்கம் இக்கருவிக்கும் பொருந்துவதே.