பாடஞ்செய்த புலி

நூதனசாலைகளிலே பாடஞ்செய்து நிறுத்திய விலங்குகளைக் காணும் பிள்ளைகள், "உள்ளே வைக்கோலா?" என வினவுவதுண்டு. தென்னிந்தியாவில் இத்தொழிலுக்குப் பேர்போன மைசூர் வான் இங்கன் குடும்பத்தார் வைக்கோலை நம்பவில்லை. அச்சில் வார்த்த காகிதக்கூழ் உருவின்மீதே பதனிட்ட தோலைப் போர்த்தித் தைத்தனர். கண்கள் கண்ணாடி. நம்மை அஞ்சவைக்கும் அவ்வுறுமலோ முகத்தோலை மடித்தமைத்த தொழிலாளியின் கைவண்ணம். செத்த புலிக்கு உறுமல் ஏது!

1900ஆம் ஆண்டளவில் எழுந்த அத்தொழிற்சாலைக்கு மன்னரும் வெள்ளைத் துரைமாரும் அனுப்பிய புலி, சிறுத்தைகள் மட்டும் 40,000க்கு மேற்பட்டன. கலை உயர்ந்ததுதான், ஆயின் அதற்கு இரையான உயிர்த்தொகையை எண்ணுகையில் நெஞ்சு கூசுகின்றது. 1972இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை ஒடுங்க, வேலையுங் குன்றிற்று. 1999இல் தொழிற்சாலை மூடப்பட்டது.