மண்ணில் சரிபார்க்கப்படும் விண்மழை

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணிக்குக் கணக்கெடுத்தபோது, சென்னைப் புறநகரான தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பெய்திருந்தது. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அதே மழையை விண்ணிலிருந்து பார்த்து நாசா வெளியிட்ட வரைபடமோ வேறு கணக்குச் சொன்னது. டிசம்பர் 1, 2 ஆகிய இரு நாள்களையும் சேர்த்தே, மிக அதிகமாகப் பெய்த இடங்களில் 40 செ.மீ.யை நெருங்கியதாக அது காட்டியது. எதை நம்புவது?

இரண்டில் ஒன்று பொய் என்று தீர்ப்பெழுத முடியாது. மழைமானி தன் வாய்க்குள் விழுந்த நீரை மட்டுமே அளக்கிறது. செயற்கைக்கோள் வரைபடமோ பக்கத்துக்குப் பதினோரு கி.மீ. அளவுள்ள கட்டம் ஒவ்வொன்றுக்கும் சராசரி போடுகிறது. கொட்டித் தீர்த்த தெருவும் கொஞ்சம் நனைந்த தெருவும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் வித்தியாசத்தில் எவ்வளவு இந்தச் சராசரியால் வந்தது, எவ்வளவு உண்மையான பிழை? இதைப் பிரித்தறிய ஒரு தனித் துறையே இயங்குகிறது.

செயற்கைக்கோள் மழையைப் பிடித்து அளப்பதில்லை. 2014 பிப்ரவரியில் ஜப்பானின் தானேகஷிமா தீவிலிருந்து ஏவப்பட்ட ஜிபிஎம் செயற்கைக்கோள் முதலில் சுமார் 407 கி.மீ. உயரத்தில் சுற்றியது; 2023இல் இன்னும் சற்று உயர்த்தப்பட்டது. அதிலுள்ள ரேடார் இரண்டு அலைவரிசைகளில் கதிர்களை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. எதிரொலியை மில்லிமீட்டராக மாற்றுவது கணக்கு. அந்தக் கணக்குக்குள் பல ஊகங்கள் இருக்கின்றன.

பெரிய ஊகம் துளியின் பருமனைப் பற்றியது. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள நீர் எட்டு மடங்காகும். ரேடாருக்குத் திரும்பும் எதிரொலியோ 64 மடங்காகிவிடும். ஆகவே சில பெருந்துளிகளும் ஏராளமான சிறு துளிகளும் ஒரே எதிரொலியைத் தரலாம், தரையில் சேரும் நீர் மட்டும் வெவ்வேறாக இருக்கும். எதிரொலியையும் மழையளவையும் இணைக்க மார்ஷல், பால்மர் என்ற இருவர் 1948இல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இடி மழைக்குப் பொருந்தும் எண்கள் சாரலுக்குப் பொருந்துவதில்லை. அதனால்தான் சோதனைக் களங்களில் டிஸ்ட்ரோமீட்டர் என்ற கருவியை நிறுத்துகிறார்கள். பட்டையாகப் பாயும் லேசர் ஒளியை ஊடுருவி விழும் ஒவ்வொரு துளியின் பருமனையும் வேகத்தையும் அது குறித்துக்கொள்கிறது.

அடுத்த சிக்கல், எதை எதோடு ஒப்பிடுவது என்பது. விண்ரேடார் ஒரு பார்வையில் காணும் வட்டம் சுமார் 5 கி.மீ. அகலம். 20 செ.மீ. வாயுள்ள ஒரு மழைமானியைவிட அதன் பரப்பு 60 கோடி மடங்குக்கும் அதிகம். செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கண நேரத்தில் கடந்துவிடும். 3 கி.மீ. உயரத்தில் அது பார்த்த துளி தரைக்கு வந்து சேர ஏழு நிமிடம் போல ஆகும். காற்று விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசினால், அதற்குள் நான்கு கி.மீ. தள்ளிப் போயிருக்கும்! ஆகவே மானியை நேரடியாக விண்ணோடு ஒப்பிடுவது பலவேளை வீண். இடையில் பாலமாக நிற்பது தரை ரேடார். அது பரந்த பரப்பை நிமிடக் கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. முதலில் மானிகளைக் கொண்டு தரை ரேடாரைச் சரிபார்க்கிறார்கள்; பிறகு தரை ரேடாரைக் கொண்டு விண்ரேடாரை.

இந்த வேலைக்கு நாசா மழைமானிகளை இரட்டை இரட்டையாக நடுகிறது. காரணம் எளிது. சருகோ சிலந்தி வலையோ புனலை அடைத்துக்கொண்டால் ஒற்றை மானி சத்தமில்லாமல் குறைத்துக் காட்டும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடினமான தேர்வு மலைகளில்தான். 2015 நவம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ‘ஒலிம்பெக்ஸ்’ ஆய்வு தொடங்கியது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஒலிம்பிக் மலைத்தொடரில் மோதும் பகுதி அது. மேற்குச் சரிவின் ஹோ காட்டில் ஆண்டுக்கு 350 செ.மீ. அளவுக்கு மழை, மலைக்கு மறுபுறமுள்ள சீக்விம் ஊரில் 40 செ.மீ. மட்டுமே. கடலோரத்தில் நாசாவின் ரேடார், சரிவெங்கும் மழைமானிகள், மேகத்துக்கு மேலும் உள்ளும் பறந்த விமானங்கள் என எல்லாம் ஒரே மழையைப் பார்த்தன. காற்று மோதும் சரிவில் தரைக்கு வெகு அருகிலேயே மழை வலுப்பதை அவை காட்டின. விண்ரேடாருக்கு அந்த இடம்தான் குருட்டுப் பகுதி: தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி மிக வலுவானதால், கடைசி ஒரு கி.மீ. முதல் இரண்டு கி.மீ. வரையிலான மழை அதில் மறைந்துபோகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பருவமழையைச் செயற்கைக்கோள்கள் குறைத்து மதிப்பிடுவதற்கும் இத்தகைய தாழ்மேக மழை ஒரு முக்கியக் காரணம்.

தரை ரேடாரும் தவறாத நீதிபதி அல்ல. பூமி வளைந்திருப்பதால், அரை பாகை உயர்த்தி அனுப்பிய கதிர் 100 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. மேலே போய்விடுகிறது. 200 கி.மீ. தொலைவில் நான்கு கி.மீ. அங்கே பனித்துகள் உருகும் அடுக்கில் கதிர் பட்டால் பேய்மழை போலத் தோன்றும். கருவியின் அளவீடு மூன்று டெசிபல் பிசகினாலே மழைக்கணக்கு ஐம்பது விழுக்காடு வரை மாறும். இந்த இடத்தில் உதவி எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1997இல் ஏவப்பட்டு 2015 வரை இயங்கிய ட்ரிம் செயற்கைக்கோளின் ரேடார் ஆண்டுக்கணக்கில் நிலைபிறழாமல் இருந்ததால், பசிபிக்கின் குவாஜலீன் பவளத்தீவிலிருந்த தரை ரேடாரின் ஏற்ற இறக்கங்களை அதைக்கொண்டு கண்டுபிடித்தார்கள். சோதிக்க வைத்ததே சோதனைக்கு ஆளானது.

இத்தனைக்கும் அடியில் நிற்பவை மழைமானிகள்தான். அவற்றுக்கும் குறை உண்டு. பலத்த காற்றில் துளிகள் புனலுக்கு மேலாகப் பறந்துபோவதால் குறைத்தே பிடிக்கும். ஆனாலும் மழைநீரை நேராகக் கையில் ஏந்துபவை அவை மட்டும்தான். உலகில் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் மானிகளின் வாய்ப் பரப்பையெல்லாம் கூட்டினாலும் ஒரு கால்பந்து மைதானத்தின் பாதிகூட வராது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. விண்ணில்தான் ரேடார் இருக்கிறதே என்று தாலுகா அலுவலக முற்றத்து மானியைப் பராமரிக்காமல் விடுவது பெரும் தவறு. அங்கே விடுபடும் ஒவ்வொரு நாள் கணக்கும் விண்ணின் கணக்கையும் பலவீனமாக்குகிறது.

பல செயற்கைக்கோள்களின் தரவை இணைத்து உருவாகும் ‘ஐமெர்க்’ மழைக்கணக்கும் கடைசியில் இந்த மானிகளையே நாடுகிறது. அது மூன்று முறை வெளியாகிறது. முதல் கணக்கு சுமார் நான்கு மணி நேரத்தில் வருகிறது. வெள்ள எச்சரிக்கைக்கு அது உதவும். அடுத்தது கூடுதல் தரவுடன் அரை நாளுக்குப் பிறகு. கடைசிக் கணக்குக்குச் சுமார் மூன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். ஜெர்மனியின் மழைத்தரவு மையம் பல நாடுகளின் மானிகளிலிருந்து திரட்டும் மாதாந்திர அளவுகளோடு பொருத்திச் சரிசெய்த பிறகே அது வெளியாகும். ஏரிக்கும் வடிகாலுக்கும் இத்தரவைக் கொண்டு திட்டம் தீட்டுபவர்கள் எடுக்க வேண்டியது இந்தக் கடைசிக் கணக்கைத்தான், வெள்ளத்தன்று திரையில் வந்த படத்தை அல்ல.