எடுக்க முடியாத வைப்பு

கோவளம் தாண்டியதும் மாமல்லபுரம் போகும் பேருந்தில் நடத்துனர் "முதலைப் பண்ணை" என்று குரல் கொடுப்பார். இறங்கும் இடம் வடநெம்மேலி, நெம்மேலிக்குச் சற்று வடக்கே, கடலோரம். வாசலில் இருக்கும் பெயரில் 'பண்ணை' இல்லை, 'பேங்க்' இருக்கிறது: மெட்ராஸ் க்ரோகடைல் பேங்க் டிரஸ்ட். பண்ணை என்றால் வளர்த்து விற்பது. வங்கி என்றால் போட்டு வைத்து, வேண்டும்போது எடுப்பது. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஸாய் விட்டேக்கரும் நண்பர்களோடு இதைத் தொடங்கியபோது அந்தச் சொல்லை யோசித்துத்தான் வைத்தார்கள்.

அப்போது நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் முதலை அருகிக்கொண்டிருந்தது. தோலுக்காக வேட்டையாடினார்கள், முட்டையைத் தோண்டி எடுத்தார்கள், அணைகளும் மீன்வலைகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு மத்திய அரசு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. முட்டையைப் பத்திரமாகப் பொரிக்க வைத்து, குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் மீண்டும் நீரில் விடுவதுதான் திட்டம். காட்டில் பொரிக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. பறவை, மீன், ஆமை, ஏன், பெரிய முதலையே கூட அவற்றைத் தின்றுவிடும். அந்த ஓராண்டு ஆபத்தைக் கடக்க வைக்கும் இடமாக வடநெம்மேலியின் மணல்வெளி இருந்தது. சதுப்பு முதலை, உப்புநீர் முதலை, கரியால் என்ற நம் நாட்டின் மூன்று இனங்களுக்கும் இங்கே வைப்புக் கணக்கு திறக்கப்பட்டது.

வைப்பு பெருகியது. சதுப்பு முதலை மணலில் குழி பறித்து இருபத்தைந்து முப்பது முட்டை இடும். ஆண்டுக்கு ஒரு முறைதான் இடும் என்று நினைத்திருந்தார்கள். வடநெம்மேலியில் நன்றாகத் தின்று வளர்ந்த பெண் முதலைகள் ஒரே பருவத்தில் இரண்டு முறை இட்டன. சதுப்பு முதலை இப்படி இடும் என்பது உலகுக்குத் தெரிந்ததே இங்கிருந்துதான்.

இனி வருவது எனக்கு மிகப் பிடித்த பகுதி. முதலைக்கு நமக்கு இருப்பதுபோல ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லும் குரோமோசோம் கிடையாது. முட்டை கிடக்கும் மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேக்கர் என்ற மூன்று ஆய்வாளர்களும் இங்குள்ள முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலையில் அடைவைத்துப் பார்த்து 1989இல் முடிவை வெளியிட்டார்கள். 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை பொரித்தவை எல்லாம் பெண். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். இடையில் 32 டிகிரியில் இரண்டும் கலந்து வந்தன. 33 டிகிரிக்குப் போனால் மறுபடியும் கலப்பு. ஒன்றரை டிகிரி என்பது நம் உடம்பில் காய்ச்சலா இல்லையா என்று சந்தேகிக்கும் வித்தியாசம். அந்த அளவு வித்தியாசத்தில் ஒரு குழியின் குஞ்சுகள் எல்லாம் மகளாகவோ மகனாகவோ ஆகிவிடுகின்றன. மரநிழலில் தோண்டிய குழியும் வெட்டவெளியில் தோண்டிய குழியும் வேறு வேறு பிள்ளைகளைத் தரும்.

ஆச்சரியப்படுவதற்கு மட்டும் உரிய செய்தி அல்ல இது. முட்டைகளை எல்லாம் 30 டிகிரி பெட்டியில் ஒழுங்காக அடைவைத்து, பொரித்த குஞ்சுகளை எல்லாம் ஓர் ஏரியில் விட்டால், அந்த ஏரிக்குப் பெண்கள் மட்டுமே போய்ச் சேரும். எத்தனை குஞ்சு விட்டோம் என்ற கணக்கில் குறை தெரியாது. பத்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். பணமும் உழைப்பும் எவ்வளவு சரியாகச் செலவானாலும், அந்த ஒன்றரை டிகிரி தெரியாவிட்டால் வீண்தான்.

இன்னொன்று. முட்டைக்குள் இருந்தபடியே குஞ்சுகள் முனகும். தாய் அதைக் கேட்டு மணலைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் அள்ளித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். ஒரு மாட்டுக் காலை முறிக்கும் தாடை, சின்னஞ்சிறு குஞ்சை நசுக்காமல் ஏந்துகிறது. தாய் செய்வது முன்பே தெரியும். தகப்பனும் செய்கிறது என்பதை வடநெம்மேலிக் குளத்தில்தான் பார்த்தார்கள், 1986இல் எழுதினார்கள். 2007இல் ரஷ்யாவில் பிறந்த விளாதிமிர் டினெட்ஸ் என்ற விலங்கியலாளர் இங்கே வேறொன்றைக் கவனித்தார். கொக்குகள் கூடு கட்டும் மரத்தடியில் சில முதலைகள் மூக்கின் மேல் சுள்ளியை வைத்தபடி அசையாமல் கிடந்தன. கூட்டுக்குச் சுள்ளி தேடி இறங்கும் கொக்குக்கு அது வலையா? அவர் அப்படித்தான் சொன்னார். பின்னர் அமெரிக்காவில் அலிகேட்டர்களை வைத்துச் செய்த சோதனை அதை உறுதிப்படுத்தவில்லை. கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது என்பது என் எண்ணம்.

இவை எதுவும் மூன்றாண்டு நிதியுதவித் திட்டத்தில் கிடைத்த அறிவு அல்ல. தினமும் தண்ணீர் மாற்றி, மீனும் இறைச்சியும் போட்டு, அதே விலங்கை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்ததால் கிடைத்தது. அந்தத் தினசரிச் செலவை யார் கொடுப்பது என்பதுதான் இந்த இடத்தின் கதையில் யாரும் அதிகம் கேட்காத பாதி.

முதலில் ஒரு யோசனை இருந்தது. வேறு சில நாடுகளில் செய்வதுபோல, பண்ணையில் பெருகும் முதலைகளில் ஒரு பங்கின் தோலை விற்று, அந்தப் பணத்தில் காட்டு முதலையைக் காப்பது. நம் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. ஆக விற்க முடியாது. சரி, காட்டுக்குக் கொடுக்கலாம் என்றால், ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட சதுப்பு முதலைகளும் நூற்றுக்கணக்கான முட்டைகளும் பல மாநில வனத்துறைகளுக்கும் பூங்காக்களுக்கும் போன பிறகு, விடுவதற்கு இடமில்லாமல் போயிற்று. ஆறுகள் குறுகின, கரைகளில் ஊர்கள் பெருகின. சிதம்பரம் பக்கம் கொள்ளிடக் கரை மக்களிடம் கேட்டால் முதலை வேண்டுமா என்ற கேள்விக்கு வேறு பதில் வரும். 1990களில் அரசு இனப்பெருக்கத்தையே நிறுத்தச் சொன்னது. வைப்பு பெருகிவிட்டது, எடுப்பார் இல்லை. அறுபது எழுபது ஆண்டு வாழக்கூடிய விலங்கு, ஒவ்வொன்றும் அறுபது எழுபது ஆண்டுக்கான செலவு.

அந்தச் செலவை இத்தனை காலம் பெருமளவு சுமந்தது வாசலில் விற்கும் நுழைவுச் சீட்டு. ஆண்டுக்கு நாலைந்து லட்சம் பேர் வருகிறார்கள். பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள், மாமல்லபுரம் போகும் குடும்பங்கள், புதுமணத் தம்பதிகள். ஆராய்ச்சிக்கென்று தனியாக வரும் மானியங்கள் உண்டு. ரோமுலஸ் விட்டேக்கருக்கு 2005இல் கிடைத்த விட்லி விருதுப் பணம் கர்நாடகத்தின் ஆகும்பேயில் மழைக்காட்டு ஆய்வு நிலையம் அமைக்கப் போயிற்று. 2013 கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும், சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் புதிய கட்டடம் பிடிக்கும், புதிய திட்டம் பிடிக்கும். குளத்து மோட்டார் ரிப்பேருக்கும் காவலாளி சம்பளத்துக்கும் பெயர்ப்பலகை வைக்க முடியாது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த வரம்பு 2020 சட்டத் திருத்தத்தில் 20 ஆகக் குறைக்கப்பட்டது. தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவரின் சம்பளத்தை வீண்செலவாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு நெடுநாளாக உண்டு, அது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முதலையைக் காப்பது என்பது முதலைக்குத் தீனி போடும் ஒருவரின் முப்பது ஆண்டு வாழ்க்கைதான்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக வாசல் மூடியது. ஆண்டின் வருமானத்தில் பெரும்பங்கு வரும் கோடை விடுமுறை அப்படியே போனது. உள்ளே இரண்டாயிரத்துக்குப் பக்கமாக விலங்குகள். இங்கேதான் முதலையின் உடல் ஒரு பேருதவி செய்கிறது. புலியோ மனிதனோ தின்பதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே எரிகிறது. முதலை சூட்டை வெயிலிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அதே எடையுள்ள பாலூட்டிக்குத் தேவைப்படும் ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதற்குப் போதும். வளர்ந்த முதலை மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். சம்பளம் வாங்கும் குடும்பங்கள் தாங்காது. அறக்கட்டளை வெளிப்படையாகப் பொதுமக்களிடம் கைநீட்டியது, மூத்த ஊழியர்கள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் பலர் பணம் அனுப்பினார்கள். சின்ன வயதில் பள்ளிப் பேருந்தில் வந்து இங்கே 'ஜாஸ்' என்ற பெரிய உப்புநீர் முதலையைக் கம்பிக்கு இப்பால் நின்று பார்த்தவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள்.

இதே வளாகத்துக்குள் வேறு வகைக் கணக்கு ஒன்றும் நடக்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டபோது, செங்கல்பட்டுப் பகுதி இருளர்களின் பிழைப்பு ஒரே நாளில் குற்றமாகிப் போனது. 1978இல் சங்கம் பதிவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கையும் உரிமத்தோடு பிடித்து வந்து, மண்பானையில் வைத்து, சுமார் மூன்று வாரத்துக்குள் சில முறை நஞ்சு எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டித் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அடையாளம் மறையும் வரை அந்தப் பாம்பை மறுபடி பிடிப்பதில்லை. உலர்த்திய நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குப் போய், குதிரையின் உடலில் எதிர்ப்புப் பொருளாகி, ஊசி மருந்தாகத் திரும்புகிறது. நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்தின் நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்து போனது. ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கும் நாடு இது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு உயிரோடு போகிறது, வட்டி மட்டும் கையில் நிற்கிறது. வங்கி என்ற சொல் பொருந்துவது உண்மையில் இந்தப் பானைகளுக்குத்தான்.

முதலைகளுக்கு அப்படி ஒரு வழி அமையவில்லை. சுமார் ஆயிரம் சதுப்பு முதலைகளை குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப அனுமதி கிடைத்தது. எதிர்த்துப் போட்ட மனுவை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அனுப்பியதில் எனக்குக் குறை இல்லை. நெரிசலில் கிடக்கும் முதலைகள் ஒன்றையொன்று கடித்துக் குதறும்.

மிச்சமிருப்பவை இன்னும் முட்டையிடுகின்றன. மாசி, பங்குனியில் ஊழியர்கள் கம்போடு போய், சீறிக்கொண்டு வரும் தாயைத் தள்ளி நிறுத்தி, மணலைத் தோண்டி முட்டைகளை எடுத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் வெப்பமானி வைத்த பெட்டிக்குப் போனவை, இப்போது பொரிக்காமல் இருப்பதற்காகவே எடுக்கப்படுகின்றன. குழியை மூடிவிட்டு அவர்கள் அடுத்த குளத்துக்குப் போன பிறகும், தாய் திரும்பி வந்து அந்த மணல்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும்.