இலுப்பை: எண்ணெய் தரும் ஊர்ப்பொது மரம்

இலுப்பை, சப்போட்டாவின் குடும்பத்தைச் சேர்ந்த பெருமரம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது நீண்ட, குறுகிய இலை கொண்ட வகை. மத்திய இந்தியக் காடுகளில் மகுவா என்று அறியப்படுவது அகன்ற இலை வகை. வறட்சியையும் சரளை மண்ணையும் தாங்கி இரண்டும் வளரும். தமிழ்நாட்டில் பழைய இலுப்பைகள் பெரும்பாலும் கோயில் நிலத்திலும் குளக்கரையிலும் சாலையோரத்திலும் நிற்கின்றன. மயிலாடுதுறைக்கு அருகே இலுப்பைப்பட்டில் இதுவே தலமரம்.

கோடையில் சதைப்பற்றான வெளிர்நிறப் பூக்கள் விடியற்காலையில் உதிரும். காய்ந்த பூவின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழி ஏளனமாகச் சொல்லப்பட்டாலும், வேதியியல் அதன் பக்கமே நிற்கிறது. மத்திய இந்தியப் பழங்குடியினருக்கு இந்தப் பூ உணவு, மதுவின் மூலப்பொருள், சந்தைச் சரக்கு.

தமிழ்நாட்டில் மதிப்பு விதைக்குத்தான். பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். குளிரில் உறையும் இந்த எண்ணெய் விளக்குக்கும் சமையலுக்கும் சோப்புக்கும் பயன்பட்டு வந்தது. பிண்ணாக்கில் உள்ள சப்போனின் நுரைக்கும் என்பதால் தலைமுடி அலசவும் அது உதவியது. அதே சப்போனின் மீனுக்கு நஞ்சு. வளர்ப்புக் குளங்களில் குஞ்சு விடுமுன் வேண்டாத மீன்களை அழிக்க இந்தப் பிண்ணாக்கைப் போடுகிறார்கள். ஆனால் நச்சு நீக்காமல் மாட்டுக்கு வைக்க முடியாது.

அறுவடையில் பாதி வேலை வௌவாலுடையது. பழச்சதையைத் தின்றுவிட்டு அது கீழே போடும் விதைகளைக் காலையில் பொறுக்கிக்கொள்ளலாம். தொலைவுக்குத் தூக்கிச் சென்று போடும் விதையிலிருந்துதான் புது இடத்தில் கன்று முளைக்கிறது. வௌவாலை விரட்டும் ஊர் இரண்டையும் இழக்கிறது.

விதை விழும் பருவத்தில் மழை வருவதுதான் தொல்லை. ஈரப் பருப்பில் பூஞ்சை பிடித்தால் எண்ணெயில் புளிப்பு ஏறும்; அப்புறம் அதை மலிவாக சோப்புக்குத்தான் விற்க முடியும். உடனே ஓடு நீக்கிக் காயவைத்த பருப்பு சமையல் எண்ணெய்க்கு ஏற்றது. ஆகவே பொறுக்குபவருக்குப் பெரிய ஆலையைவிட முதலில் வேண்டியது சிமென்ட் களமும் மழை படாத கிடங்கும். பல பெண்கள் சேர்ந்து பருப்பைச் சேமித்து, செக்கில் ஆட்டி எண்ணெயாகவே விற்றால், வியாபாரிக்குப் போகும் இலாபத்தில் பெரும்பங்கு ஊரிலேயே தங்கும். நடுவண் அரசு 2013-14இல் தொடங்கிய சிறு வனப்பொருள் ஆதரவு விலைத் திட்டத்தில் மகுவா விதையும் சேர்ந்தது. காட்டுக்கு வெளியே, ஊர்ப்பொது நிலத்தில் பொறுக்குபவருக்கு அத்தகைய ஏற்பாட்டின் பயன் எளிதில் எட்டுவதில்லை.

பழைய மரம் சாலை அகலப்படுத்தும்போது விழுகிறது. கெட்டியான கட்டைக்கும் விலையுண்டு. புதிதாக நடுவோர் குறைவு. விதையிலிருந்து வளர்ந்த கன்று காய்க்கப் பத்து ஆண்டுகளாவது ஆகும். விதையின் முளைப்புத்திறனோ சில வாரங்களில் போய்விடும். பொறுக்கியவுடன் நாற்றங்காலில் ஊன்ற வேண்டும். நல்ல தாய்மரத்தின் குச்சியை ஒட்டுக்கட்டினால் காத்திருப்பு ஏறத்தாழப் பாதியாகும். குஜராத்தின் கோத்ராவில் உள்ள தோட்டக்கலை ஆய்வு நிலையம் தேர்ந்தெடுத்த ‘தார் மது’ இப்படிப் பெருக்கப்படும் அகன்ற இலை வகை. கிளை பரந்து நிழல் விழுவதால் பயிர் நிலத்தின் நடுவே இலுப்பை பொருந்தாது. வரப்பு, ஏரிக்கரை, மேய்ச்சல் தரை ஆகியவையே அதற்கேற்ற இடங்கள். பொது நிலத்தில் நட்டு வளர்ப்போருக்கு விதை பொறுக்கும் உரிமையை ஊராட்சி எழுத்தில் தந்தால், ஒட்டுக்கன்றுக்கு ஐந்தாறு ஆண்டு தண்ணீர் ஊற்ற ஆள் கிடைக்கும்.