வயிறு கேட்கும் மருந்து அஞ்சறைப் பெட்டியில்!



இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் டி.வி. பக்கத்தில் ஓர் அட்டை மாத்திரை இருக்கிறது. "சாப்பிட்டா நெஞ்சு எரியுது, வயிறு உப்புது, ஒண்ணு போட்டாதான் சரியாகுது" என்கிறார்கள். மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. டாக்டர் சொன்னால் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் தினமும் மாத்திரை கேட்கிற வயிற்றுக்கு நாம் என்ன சமைத்துப் போடுகிறோம் என்றும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

என் மாமியார் கைமருந்தில் கெட்டிக்காரர். "எல்லா வயிறும் ஒண்ணு இல்லேம்மா" என்பார். ஆயுர்வேதமும் இதைத்தான் சொல்கிறது. வயிற்றில் இருக்கும் அக்னி மந்தமானால் பசிக்காது, சாப்பிட்டது அப்படியே நிற்கும். அதற்குச் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம். ஆனால் பித்தம் மிஞ்சி எரிகிற வயிற்றுக்கு இதையே கொடுத்தால் எரிச்சல் கூடத்தான் செய்யும். அவர்களுக்குத் தனியா, சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரும், புளிக்காத மோரும்தான் இதம். இரவில் தயிர் வேண்டாம் என்பதும் ஆயுர்வேதம் சொன்னதுதான்.

மொச்சை, கொண்டைக்கடலை செய்கிற நாளில் முந்தின இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவிடுங்கள். தாளிக்கும்போது இஞ்சியும் பெருங்காயமும் மறக்கக் கூடாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

மந்த வயிற்றுக்கு எங்கள் வீட்டில் அங்காயப் பொடி எப்போதும் இருக்கும். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், தனியா தலா 2 டேபிள்ஸ்பூன், வேப்பம்பூ 1 டேபிள்ஸ்பூன், சீரகம் 2 டீஸ்பூன், மிளகு 1 டீஸ்பூன், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சுக்கு, கைப்பிடி கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். சுக்கை முதலில் தட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மிக்ஸி பிளேடு போய்விடும். எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணெய் விடாமல் வறுக்கவும். வேப்பம்பூ சட்டென்று கருகும் என்பதால் கடைசியில் போடுங்கள். வற்றலில் உப்பு இருப்பதால் ருசி பார்த்து உப்புச் சேர்த்து அரைக்கவும். சுடுசாதத்தில் நெய் விட்டு, முதல் இரண்டு கவளம் இந்தப் பொடியோடு சாப்பிட்டால் போதும். பிள்ளைகளுக்குக் கசந்தால் வேப்பம்பூவைக் குறைத்துக்கொள்ளலாம்.

பொடி இருக்கிறதே என்று மூக்கு முட்டச் சாப்பிடவும் கூடாது. வயிற்றில் பாதி சாப்பாடு, கால் பாகம் தண்ணீர், மீதிக் கால் பாகம் காலியாக இருக்கட்டும் என்று வாக்படர் அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார்.

முக்கியமாக ஒன்று. போன வருஷம் ஒரு ராத்திரி என் மாமனாருக்கு நெஞ்சை அடைத்து, வேர்த்துக் கொட்டியது. "வாயுதான், ஓமத்தண்ணி வைங்க" என்றார்கள் வீட்டில். அத்தனை கைமருந்து தெரிந்த என் மாமியாரோ எரிந்த அடுப்பை அணைத்துவிட்டு, "முதல்ல 108-க்குப் போன் போடு" என்றார். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தபோது மாரடைப்பு என்று தெரிந்தது. நேரத்தோடு போனதால் மாமனார் இன்று நன்றாக இருக்கிறார்.

ஆகவே சகோதரிகளே, நெஞ்சடைப்போடு வியர்வை, தோள்பட்டைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கறுப்பாக மலம், ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது வந்தாலும் கஷாயம் போட்டுக் காத்திருக்காதீர்கள். கைக்குழந்தைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். ஓமத்தண்ணீர், வசம்பு எதுவும் புகட்ட வேண்டாம். கர்ப்பிணிகளும், தினமும் மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கைமருந்து எடுங்கள்.

உங்கள் வீட்டுப் பொடியின் பக்குவத்தையும் எழுதுங்களேன், நாங்களும் செய்து பார்க்கிறோம்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.