கூறைப்புடவை பீரோவுக்குள்ளேயே கிடக்கணுமா?

கல்யாணப் புடவை எடுக்க எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்! நிறம், பார்டர், முந்தானை, ராசி என்று ஒரு நாள் பூரா பார்க்கிறோம். கல்யாணம் முடிந்த பிறகு அந்தப் புடவையை என்ன செய்வது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. தலை தீபாவளிக்கு ஒரு தரம், வளைகாப்புக்கு ஒரு தரம், அப்புறம் பீரோதான்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் முகூர்த்தப் புடவையைக் கூறைப்புடவை என்போம். மயிலாடுதுறை கூறைநாட்டில் நெய்ததால் வந்த பேர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அநேகமாக காஞ்சிபுரம் பட்டு, இல்லாவிட்டால் திருபுவனம் பட்டு. தாலி ஏறும்போது கட்டியது என்பதால் யாருக்கும் கொடுக்கக் கூடாது, சுமங்கலியாகப் போனால் அதையே உடுத்தி அனுப்பணும் என்று பல வீடுகளில் பத்திரப்படுத்துகிறார்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கணவர் முந்திக்கொண்டால் அந்தப் புடவைக்கு என்ன கதி? இதை என் அம்மா விஷயத்தில் பார்த்தேன்.

அம்மாவுக்கு 1985-ல் கல்யாணம். அரக்கு நிறம், சாண் அகல ஜரிகை பார்டர். 2019-ல் அப்பா தவறிவிட்டார். முதல் திதி முடிந்த கையோடு உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், "இனிமே இது ஒனக்கு எதுக்குடி? வெள்ளிக்குப் போட்டா காசாவது வரும்" என்றார். அம்மா பதிலே சொல்லவில்லை. நாலு பேர் அதையே சொல்லவும், ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' என்று போர்டு போட்ட கடைக்குப் போனார்.

கடைக்காரர் ஒரு ஜரிகை இழையை உரசிப் பார்த்தார். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல் வெள்ளி ஜரிகையாம். எடை போட்டு 3,000 ரூபாய் என்றார். பட்டுக்கு ஒரு பைசா கிடையாது, துணியை எரித்து வெள்ளியை உருக்கி எடுத்துக்கொள்வார்களாம். "எரிக்கிறதுக்கா கேக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார் அம்மா. புடவையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால், மடிப்புக்கு மடிப்பு கத்தியால் கீறினது போல விட்டிருக்கிறது. பூச்சி அரிக்கவில்லை, கறை இல்லை. 35 வருஷம் ஒரே மடிப்பில் கிடந்ததுதான் காரணம். "மொத்தமே நாலு தரம்தான் கட்டினேன்" என்று அம்மா சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

தெரு முனை டெய்லர் அக்காவிடம் எடுத்துப் போனோம். பார்டரும் முந்தானையும் நன்றாகவே இருந்தன. உள்ளே லைனிங் கொடுத்து என் பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை தைத்தார். அப்போது அவளுக்கு 7 வயசு. மிச்சத் துணியை நான் மடிக்கப் போனேன். "எனக்கு ஒரு ரவிக்கை வரும் பாரு" என்றார் அம்மா. வந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். பார்த்துவிட்டு முணுமுணுப்பவர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டுமே! அவர் புடவை, அவர் கட்டிக்கொண்ட கல்யாணம்.

என் கூறைப்புடவை 2011-ல் எடுத்தது. அம்மா புடவையைப் பார்த்த பிறகு கல்யாண நாள், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் கட்டிவிடுகிறேன். "அன்னிக்குக் கட்டினதையேவா கட்டுவாங்க?" என்று நாத்தனார் சிரிப்பார். என் வீட்டுக்காரருக்குப் பிடித்திருக்கிறது, எனக்கும்தான்.

கட்டி அவிழ்த்ததும் உடனே மடிக்காமல், நிழலில் காற்றாடப் போட்டு வியர்வை ஈரம் போகவிடுகிறேன். வெயிலில் போட்டால் சாயம் வெளுத்துவிடும். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டு, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். மூன்று மாசத்துக்கு ஒரு தரம் பிரித்து, போன தடவை மடித்த இடத்தில் மடிப்பு விழாமல் மாற்றி மடிக்கணும். திருபுவனத்துப் பட்டை விசிறி மடிப்பாக மடித்துத் தருவார்கள். அந்த அழகு கலையக்கூடாது என்று என் தங்கை பிரிக்காமலே வைத்திருந்தாள், திட்டிப் பிரிக்க வைத்தேன். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது, சென்ட் கூடவே கூடாது, ஜரிகை கறுத்துவிடும். துணி லேசாக விட ஆரம்பித்தால் பின்பக்கம் நெட் வைத்துத் தைத்தால் இன்னும் சில வருஷம் கட்டலாம். அந்த மாதிரி புடவையை ரோல் பாலிஷுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அம்மனுக்குச் சாத்திவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் கட்டின புடவையை வாங்கமாட்டார்கள்.

விற்பதே தப்பு என்று சொல்லமாட்டேன். பிள்ளை படிப்புக்குப் பணம் கட்டணும் என்றால் விற்கத்தான் வேண்டும். 2025-ல் வெள்ளி விலை எகிறினதிலிருந்து பழைய புடவைக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. ஆனால் ஒரே கடையில் கொடுத்துவிடாமல் இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள், எடையை நீங்களும் பாருங்கள். இமிடேஷன் ஜரிகை என்றால் உருக்கினாலும் ஒன்றும் வராது. அதைப் பேசாமல் பாவாடையோ தலையணை உறையோ தைத்துக்கொள்ளலாம்.

- ஒரு வாசகி, மன்னார்குடி