வீட்டுப் பட்டறையும் மின்சாரப் பலகையும்

நம் சங்கத்தின் நவராத்திரிக் கொலுவுக்குச் சென்ற ஆண்டு ஒன்பது படிகள் செய்து கொடுத்தவன் என்பதைத் தவிர, தச்சு வேலையில் எனக்கு வேறு தகுதி கிடையாது. ரயில்வேயில் எழுத்தர் உத்தியோகம். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆயினும் அந்தப் படிகளைப் பார்த்த அன்பர்கள் சிலர், "எங்கள் வீட்டுக் கொல்லையிலும் இடம் இருக்கிறது, ஒரு ரம்ப மேசை வாங்கிப் போடலாமா?" என்று கேட்டு வருகின்றனர். எல்லோரும் இயந்திரத்தின் விலையைத்தான் விசாரிக்கின்றனர். மின்சாரம் எந்த வழியாக வரும், அதை நிறுத்தும் பலகை எந்தச் சுவரில் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்காதவன்தான். அதனால் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்லாபூரில் எங்கள் ஜாகை வரிசை வீடுகளுள் ஒன்று, தரைத்தளம். மீட்டர் முன்வாசலில் இருக்கிறது. பட்டறைக் கொட்டகையோ கொல்லைப்புறத்தில். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட வட்ட ரம்ப மேசை ஒன்றை வாங்கினேன். சமையலறையில் கிரைண்டருக்காக வைத்திருந்த பிளக்கிலிருந்து 20 மீட்டர் நீளமுள்ள கம்பி ஒன்றை ஜன்னல் வழியாக இழுத்து அதற்கு மாட்டினேன். ரம்பம் சுழன்றது, ஆனால் தேக்குப் பலகையை ஊட்டியவுடன் முனகிக்கொண்டு நின்றது. கம்பியைத் தொட்டால் சுட்டது. இதுதான் இயந்திரத்தின் குணம் போலும் என்று இருந்துவிட்டேன்.

ஆடி மாதத்து மழைநாளில், பள்ளியிலிருந்து வந்த என் மகன் ஈரக் காலோடு கொட்டகைக்குள் நுழைந்து மேசையின் இரும்புக் காலைப் பற்றினான். அவன் வீறிட்ட குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. நான் செய்யக்கூடியது ஒன்றே: மின்சாரத்தை நிறுத்துவது. அதற்குரிய சுவிட்சோ கொல்லைக் கதவைத் தாண்டி, நடையைத் தாண்டி, சமையலறை மேடைக்கு மேலே இருந்தது. நான் பாதி வழி ஓடுவதற்குள் அவன் உதறப்பட்டுக் கீழே விழுந்துவிட்டான். பிடி தானாக விட்டது அவன் செய்த புண்ணியம். பிறகு பார்த்தால், நான் இழுத்த கம்பியில் இரண்டு இழைகள் மட்டுமே இருந்தன. எர்த்து என்னும் மூன்றாவது இழையே இல்லை.

மறுநாள், ரயில்வே மின்பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிப் பெரியவர் ஒருவரிடம் போய் நின்றேன். அவரை நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்பது வழக்கம். கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி, இங்கே ஒரு ஆள் கம்பியில் மாட்டித் துடித்தால், நீர் எத்தனை எட்டு வைத்து நிறுத்துவீர்?" நான் எண்ணிச் சொன்னேன்: பதினேழு. "அதை மூன்றாக்கும். மற்றதெல்லாம் அப்புறம்" என்றார்.

அவர் சொன்ன 'மற்றதெல்லாம்' கணக்குத்தான். அன்பர்கள் பயப்பட வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார், தன் சொந்த இழப்புகளையும் சேர்த்து, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும். புறப்படும் கணத்தில் மட்டும் அதைப் போல ஐந்தாறு மடங்கு, அதாவது 50 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நான் மாட்டிய கம்பி 1 சதுர மில்லிமீட்டர் செப்பு. போக 20 மீட்டர், வர 20 மீட்டர். இந்த 40 மீட்டரில் தடை முக்கால் ஓமுக்குச் சற்று மேல். 50 ஆம்பியர் ஓடும்போது கம்பியே ஏறத்தாழ 40 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. மோட்டாருக்கு மிஞ்சுவது 190 வோல்ட். அதன் சுழற்றும் வலுவோ மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். வலு குறைந்த ரம்பத்தில் மரத்தை அழுத்தினால் அது நின்றுவிடும். நின்ற மோட்டாரில் அந்த 50 ஆம்பியரும் ஓயாமல் ஓடும். முனகியதற்கும் சுட்டதற்கும் காரணம் விளங்கிற்று.

அண்ணாச்சியின் யோசனைப்படி, மீட்டருக்கு அடுத்த மெயின் சுவிட்சிலிருந்து கொட்டகைக்கெனத் தனியாக 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியைக் குழாய்க்குள் கொண்டுபோனோம். தூரம் 25 மீட்டர். இப்போது அதே 50 ஆம்பியருக்கு இழப்பு 8 வோல்ட்டுக்குள் அடங்குகிறது. ரம்பத்துக்கு இவ்வளவு தடித்த கம்பி எதற்கு என்று கேட்ட ஒப்பந்தக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். பிறகு அவர் வாதிடவில்லை.

இனிப் பலகையின் இடம். கொட்டகையின் உள்கோடியில், இயந்திரத்துக்குப் பின்னால் சுவர் காலியாக இருந்தது. எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஆனால் தீயோ அதிர்ச்சியோ நேரும்போது அந்த இயந்திரத்தைக் கடந்துதானே கை போகவேண்டும்? ஆகையால் வாசற்கதவின் கைப்பிடிப் பக்கத்துச் சுவரில், உள்ளே காலை வைக்குமுன்பே எட்டும்படி வைத்தோம். பலகைக்கு முன் ஒரு மீட்டர் தரை எப்போதும் வெறுமையாக இருக்கும்படி கோடு போட்டிருக்கிறேன். அங்கே பலகைத் துண்டுகளைச் சாத்தி வைக்கும் ஆசை எனக்கு வாரம் ஒருமுறை வருகிறது.

உயரத்தையும் யோசிக்கவேண்டும். ஐ.எஸ். 732 என்னும் இந்திய வயரிங் விதிநூலின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பு, கதவிட்டு மூடாத பலகையின் அடிப்பக்கம் தரையிலிருந்து 1.25 மீட்டருக்குக் கீழே வரலாகாது என்கிறது. அடுப்புக்கு மேலும் நீர்த்தொட்டிக்கு மேலும் பலகை வைப்பதையும் அது விலக்குகிறது. எங்கள் ஊருக்கு வேறொரு காரணமும் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது உல்லாஸ் நதி பத்லாபூரையும் கல்யாணையும் மூழ்கடித்தது. 2019 ஜூலை 27 அன்று மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வாங்கணி அருகே வெள்ளத்தின் நடுவே நின்றதை நம் ரயில்வே குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. எங்கள் தெருவில் பழைய வீட்டுக்காரர்கள் காட்டும் நீர்க்கோடு இடுப்பளவு. பலகையின் அடியை ஒன்றரை மீட்டரில் வைத்தோம். பிளக்குகளும் தரையோரம் இல்லை, வேலை மேசைக்கு மேலேதான்.

பலகைக்குள் இருப்பவற்றுள் உயிர் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் தடுப்பான். 16 ஆம்பியர் எம்.சி.பி. கம்பியைத்தான் காக்கும், ஒரு குழந்தையின் உடம்பு வழியே ஓடும் மின்சாரம் அதன் கணக்கிலேயே வராது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் தடுப்பானே வேண்டும். மோட்டாருக்குரிய எம்.சி.பி. 'சி' வகையாக இருக்கட்டும். 'பி' வகை, புறப்படும் வேகத்துக்கே விழுந்துவிடக்கூடும். விளக்கை ரம்பத்தோடு சேர்க்காமல் வீட்டு விளக்கு வரிசையிலிருந்து கொடுங்கள். ரம்பம் துண்டிக்கப்பட்ட பிறகும் அதன் பற்கள் சில விநாடிகள் சுழலும். அப்போது இருட்டில் நிற்பது போன்ற கொடுமை இல்லை. மின்சாரம் போய்த் திரும்பும்போது ரம்பம் தானே ஓடத் தொடங்காதிருக்க, பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் இயங்கும் ஸ்டார்ட்டர் ஒன்றையும் பொருத்தவேண்டும்.

காகித வேலை ஒன்றும் உண்டு. மின்கட்டண ரசீதில் அனுமதிக்கப்பட்ட பளு எத்தனை கிலோவாட் என்று அச்சிட்டிருக்கும். கீசர், கிரைண்டர், குளிர்ப்பெட்டி ஆகியவற்றோடு ரம்பத்தையும் கூட்டிப் பாருங்கள். மிஞ்சினால் முதலில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பம் கொடுக்கவேண்டும். செய்த பொருளை விற்பதாக இருந்தால் கட்டண வகை மாறுமா என்பதையும் அந்த அலுவலகத்திலேயே எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது. அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால், 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அந்த வகைக்குரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு விதிக்கலாம். இட்லி மாவு அரைத்து விற்கும் நம் சகோதரிகளுக்கும், வீட்டில் பல தையல் இயந்திரங்கள் ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடமே கொடுத்து, சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கசிவுத் தடுப்பானில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறன்று அதை அழுத்திப் பார்ப்பது என் மகனுடைய பொறுப்பு. 'டக்'கென்று விழுந்த பிறகுதான் எனக்கு உள்ளே வர அனுமதி தருகிறான்.